நோயெதிர்ப்பு அணுக்களை எப்படித் தூண்டினார்கள் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனித நோயெதிர்ப்பு அணுக்களில் ஓர் ஏற்பியை (வெளியிலிருந்து வரும் சேதிகளைப் பெறும் புரதத்தை) தடுக்கும் மருந்து பலன் தந்ததாகச் செய்தி வரும்போது, அந்த அணுக்கள் ஆய்வகத்தில் எப்படித் தூண்டப்பட்டன என்ற விவரம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. முடிவின் பொருளையே மாற்றக்கூடிய விவரம் அது.

இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களில் பெரும்பாலானவை ஓய்வு நிலையில் இருப்பவை. அவற்றை இயங்கச் செய்ய, ராஜ்மாவிலிருந்து எடுக்கும் பிஎச்ஏ என்ற புரதத்தையோ, சிடி3, சிடி28 ஏற்பிகளைப் பற்றும் எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளையோ, பிஎம்ஏ என்ற வேதிப்பொருளையோ சேர்க்கிறார்கள். சேர்த்த சில மணி நேரத்தில், அணு தூண்டப்பட்டதைக் காட்டும் சிடி69 என்ற புரதம் மேற்பரப்பில் தோன்றுகிறது. பிஎம்ஏ பட்டாலோ சிடி4 என்ற மேற்பரப்பு ஏற்பி அணுவுக்குள் இழுக்கப்பட்டு, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது இல்லாதது போலாகிவிடுகிறது. எச்ஐவி நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற ஏற்பி, டி அணுக்களை வளரச் செய்யும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைச் சேர்த்துச் சில நாள்கள் வளர்த்தால் கூடுகிறது; சிடி3, சிடி28 நுண்மணிகளால் தூண்டினால் குறைகிறது. ஒருவரது இரத்தத்தையே இரண்டு ஆய்வகங்கள் பகிர்ந்துகொண்டாலும், தூண்டும் முறை வேறானால் எதிரெதிரான முடிவுகள் கிடைக்கலாம்.

இதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை 2006 மார்ச்சில் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் நடந்த சோதனை காட்டியது. சிடி28 ஏற்பியைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருளை, விலங்குகளில் பாதுகாப்பானதெனக் கண்ட அளவில் 500இல் ஒரு பங்கு மட்டுமே செலுத்தியும், ஆரோக்கியமான தன்னார்வலர்கள் ஆறு பேர் ஒரு நாளுக்குள் பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குச் சென்றார்கள். உயிரிழப்பு இல்லை என்பது மட்டுமே ஆறுதல். இதே எதிர்ப்பொருளைக் கரைசலாகக் கலந்தபோது குழாயிலிருந்த மனித அணுக்கள் அமைதியாகவே இருந்தன. விபத்துக்குப் பின் அதைத் தட்டின் பரப்பில் உலரவைத்துச் சோதித்தபோதுதான் அவை சைட்டோகைன்களை (அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களை) கொட்டின. பிறகு 2011இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், இரத்த அணுக்களை இரண்டு நாள்கள் நெருக்கமாக வளர்த்தெடுத்தால் கரைசலுக்கே அவை எதிர்வினை காட்டுவதை நிறுவினார்கள். திசுக்களில் அண்டை அணுக்களோடு உரசிக்கொண்டு இருக்கும்போது பெறும் ஆயத்தநிலையை, இரத்தத்தில் தனித்து மிதக்கும் அணுக்கள் இழந்துவிடுகின்றன என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

ஆகவே இத்தகைய செய்திகளில், அணுக்கள் புதியவையா உறைய வைத்தவையா, எதனால் தூண்டப்பட்டன, எத்தனை மணி நேரம் கழித்து அளந்தார்கள், அதே கொடையாளரின் தூண்டப்படாத அணுக்களோடு ஒப்பிட்டார்களா என்பனவற்றை இரண்டொரு வரிகளிலாவது சேர்க்குமாறு தங்கள் அறிவியல் செய்திப் பிரிவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நோயெதிர்ப்பியல் பயிற்றுவிக்கும் ஒரு வாசகர்