கேமரா லிஸ்ட் போட்டீங்க சரி, அது யார் கையில இருக்கப்போகுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கிழமை லீவு ஸ்பெஷல் பக்கத்துல, தீம் பார்க் டூர் போறவங்களுக்கு எந்த சின்ன கேமரா வாங்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டிருந்தீங்க. நல்ல விஷயம்தான், ஆனா ஒவ்வொரு கேமராவுக்கும் நேரா மெகாபிக்சல் (படத்துல எத்தன பத்து லட்சம் புள்ளிங்கற கணக்கு), ஜூம், விலை இந்த மூணு மட்டும்தான் இருந்துச்சு, அதுலயும் முதல் இடத்துல 64 மெகாபிக்சல்னு பேரே கேள்விப்படாத ஒரு கம்பெனி கேமரா. நான் கேமரா ரிப்பேர் கடையில ரொம்ப வருஷம் உக்காந்தவன், அந்த லிஸ்ட்ட பாத்துட்டு எங்க அபார்ட்மெண்ட்லயே ஆர்டர் போட ஆரம்பிச்சுட்டாங்க, அதனாலதான் இந்த லெட்டர்.

முதல்ல அந்த 64 மெகாபிக்சல் சமாச்சாரம். இந்த மாதிரி கேமராவோட லென்ஸ் ஆன் பண்ணினா வெளிய வராது, அப்படியே நிக்கும். பெட்டி மேல 16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம்னு எழுதியிருக்கும். அதாவது ஜூமே கிடையாது, எடுத்த படத்த நடுவுல வெட்டி இழுத்துக் காட்டுது அவ்வளவுதான். மெகாபிக்சலும் அதே கதை, உள்ள வெளிச்சத்தப் பிடிச்சு படமாக்கற சில்லு, அதான் சென்சார், ரொம்பச் சின்னது, சாஃப்ட்வேர் அத ஊதி 64னு கணக்கு காட்டுது. நெஜமா கேமரா செய்யறவங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க, ஒலிம்பஸ் 2015ல விட்ட டிஜி 4 கேமராவுல 16 மெகாபிக்சல், அடுத்து 2017ல வந்த டிஜி 5ல அத 12ஆ குறைச்சாங்க. சென்சார் சைஸ் அதேதான், புள்ளி கம்மியானா ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் கூட கெடைக்கும், மங்கலான எடத்துல படம் சுத்தமா வரும்னு குறைச்சாங்க. 2023ல வந்த டிஜி 7லயும் அதே 12தான் (கம்பெனி கைமாறி இப்போ ஓஎம் சிஸ்டம்ங்கற பேர்ல வருது).

சரி விஷயத்துக்கு வர்றேன். தீம் பார்க்குல கேமரா யார் கையில இருக்கும்னு யாராவது யோசிச்சீங்களா? ரைடு ஏறறவங்க கையில இருக்கவே இருக்காது. பெரிய ரோலர் கோஸ்டருக்கு பொதுவா கையில பொருள் எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க, பறந்து வந்து யார் மண்டையிலயாவது விழுந்தா உயிர் போயிடும். செல்ஃபி ஸ்டிக்க டிஸ்னி பார்க்குகள்ல 2015லயே தடை பண்ணிட்டாங்க. அப்போ கேமரா எங்க போகும்னா, எல்லாரோட செருப்பு பை, தண்ணி பாட்டில், துண்டு எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு கீழ நிக்கற அம்மா கையிலயோ பாட்டி கையிலயோ மயக்கம் வருதுன்னு ஏறாம நின்ன மாமா கையிலயோதான் போகும். வீட்டுல யாரு கேமரா வாங்கறாங்களோ அவங்க ஆசைக்கு வாங்கறாங்க, ஆனா அங்க அத அமுக்கப்போறது பை பிடிக்கறவங்க. அவங்கள கூட்டிட்டுப் போய் கடையில கையில குடுத்துப் பாத்து வாங்குங்கங்கறதுதான் நான் சொல்ல வர்றது. வெயில்ல ஸ்கிரீன் தெரியுதா, ஜூம் பண்ற லீவர் விரலுக்கு எட்டுதா, ஒரு பட்டன்ல ஆட்டோவுக்கு வந்துடுதா, இத அவங்கதான் சொல்லணும்.

அந்த ஆள் கீழ நின்னு என்ன எடுப்பாங்க? சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸையே எடுத்துக்கோங்க, செந்தோசா தீவுல 2010ல தொறந்தது, நம்ம ஊர்லருந்து லீவுக்கு போறவங்க பாதிப் பேர் லிஸ்ட்ல அது இருக்கும். அங்க செவப்பும் நீலமுமா ரெண்டு தண்டவாளம் ஒண்ண ஒண்ணு பின்னிக்கிட்டு போற ரோலர் கோஸ்டர் இருக்கு, ஒசரம் 42 மீட்டருக்கு மேல. கீழருந்து போன்ல சாதாரணமா எடுத்தா கம்பிதான் தெரியும், உள்ள இருக்கறது நம்ம பையனா வேற யாராவதான்னு தெரியாது. கேமரா கணக்குல 25 மில்லிமீட்டர்ங்கறது அகலமான பார்வை, 100 மில்லிமீட்டர் போனா வண்டி நல்லா தெரியும், 200, 300 போனாத்தான் மூஞ்சி தெரியும். கேனான் 2016ல விட்ட இக்சஸ் 285 மாதிரி பாக்கெட்ல போடற கேமராவுல 25லருந்து 300 வரைக்கும் உண்டு, அதையே சின்ன மாத்தம் பண்ணி 2025ல வெளிநாட்டுல திருப்பி விட்டாங்க, அந்தளவுக்கு இப்போ கேக்க ஆள் இருக்கு. ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்குங்க, ஜூம் முழுசா போட்டா லென்ஸ் வாய் எஃப் 7ங்கற அளவு வரைக்கும் சுருங்கி வெளிச்சம் கம்மியாத்தான் உள்ள போகும், மத்தியானம் சூப்பரா இருக்கும், ஆறரை மணிக்கு மேல கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கும் படம்.

வெளிச்சம் கம்மியான எடத்துக்கு சென்சார்தான் பதில். சாதாரண சின்ன கேமராவோட சென்சார் சுமார் 28 சதுர மில்லிமீட்டர், ஒரு இஞ்ச்னு சொல்றாங்களே சோனி ஆர்எக்ஸ் 100 மாதிரி, அது சுமார் 116. நாலு மடங்கு. 2012ல வந்த முதல் ஆர்எக்ஸ் 100கூட இன்னைக்கும் பார்க்குல சாயங்காலம் நடக்கற ஊர்வலத்த அழகா எடுக்கும், ஆனா ஜூம் 100 மில்லிமீட்டரோட முடிஞ்சுது. ரெண்டும் வேணும்னா 2019ல வந்த ஏழாவது மாடல் 24லருந்து 200 போகும், விலைய கேட்டா டூர் டிக்கெட்டே எடுத்துடலாம்போல இருக்கும். ஃப்ளாஷ் இருக்கேன்னு கேப்பாங்க. சின்ன கேமரா ஃப்ளாஷ் மூணு நாலு மீட்டர் தாண்டாது, மேடையில ஆடறவங்க மேல விழாது, முன்னால உக்காந்திருக்கறவர் வழுக்கைதான் பளிச்சுனு வரும். இருட்டுக்குள்ள ஓடற ரைடுல ஃப்ளாஷ் போடவே கூடாது. ஆனா ரைடு முடிச்சு புள்ளைங்க முடி கலைஞ்சு ஓடி வர்றப்போ பக்கத்துலருந்து ஒரு ஃப்ளாஷ் போட்டா அசைவு நின்னு படம் தெளிவா வரும், அது போனோட எல்இடி லைட்டால முடியாது.

இப்போ தண்ணி. நம்ம ஊருல தீம் பார்க்னாலே பாதி தண்ணி, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் ஆகட்டும் கொச்சி வொண்டர்லா ஆகட்டும் அலைக்குளத்துல நிக்காம யாரும் திரும்பறதில்ல. சிங்கப்பூர்லயும் டைனோசர் பகுதியில இருக்கற ஆத்து ரைடுல நனைஞ்சுதான் வெளிய வருவீங்க. இதுக்கு மேல சொன்ன டிஜி வரிசையில வர்ற டிஜி 6, டிஜி 7 மாதிரி தண்ணிக்குள்ள போற கேமராதான் சரி, 15 மீட்டர் ஆழம் தாங்கும், ரெண்டு மீட்டர் ஒசரத்துலருந்து விழுந்தாலும் தாங்கும், லென்ஸ் வெளிய நீளாம உள்ளுக்குள்ளயே நகர்ந்து நெஜமாவே ஜூம் ஆகும். நீளற லென்ஸ்தான் எங்க கடைக்கு வந்த ரிப்பேர்ல பெரிய பங்கு, ஒரு மணல் துகள் உள்ள போனா பல்சக்கரம் மாட்டிக்கும், லென்ஸ் எரர்னு காட்டிட்டு நின்னுடும், அத சரி பண்ற கூலிக்கு வேற கேமராவே வாங்கலாம். டிஜில இன்னொரு வசதி, பட்டன பாதி அமுக்கி வெச்சிருந்தா முழுசா அமுக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி நடந்ததையும் சேத்துப் பிடிச்சு வெக்கும், சறுக்குல வந்து தண்ணியில விழற அந்த நொடிக்கு இதவிட நல்லது கிடையாது. கொற என்னன்னா 100 மில்லிமீட்டர் தாண்டாது, விலையும் லேசில்ல, டிஜி 7 வந்தப்போ அமெரிக்காவுல 550 டாலர்.

தண்ணி கேமரா வாங்கினவங்க ஒண்ணு கவனிக்கணும், பேட்டரி மூடியச் சுத்தி ஒரு ரப்பர் இருக்கும், அதுல ஒரு முடி மாட்டியிருந்தாக்கூட தண்ணி உள்ள போயிடும், பார்க்குல ஈரக் கையோட அந்த மூடிய தொறக்கவே கூடாது. குளோரின் தண்ணியில போட்டா ராத்திரி நல்ல தண்ணியில கொஞ்ச நேரம் ஊற வெச்சு துடைக்கணும். அது மிதக்காது, கல்லு மாதிரி அடியில போயிடும், மிதக்கற பட்டை தனியா வாங்கிக் கட்டிக்கோங்க.

போன் இருக்கறப்போ கேமரா எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு: பகல்ல குடும்பத்தோட நின்னு எடுக்கற படத்துக்கு போன் போதும், பல நேரம் போன்தான் நல்லாவும் இருக்கும், அதுல சண்டை வேண்டாம். ஆனா டிக்கெட்டு, மேப்பு, பணம் எல்லாம் அந்த ஒரே போன்லதான் இருக்கு, வீடியோ எடுத்து எடுத்து மூணு மணிக்கே சார்ஜ் போச்சுன்னா திரும்பிப் போக டாக்ஸி கூப்பிட முடியாது. வாட்டர் ரெசிஸ்டன்ட்னு விளம்பரம் பண்ற போன்லாம் சோதிச்சது நல்ல தண்ணியில, குளோரின் குளத்துல இல்ல, உள்ள தண்ணி போனா வாரண்டியும் பொதுவா வராது. ஈரத்துல டச் ஸ்கிரீன் நம்ம சொல்றத கேக்காது, இது பட்டன் வெச்ச கேமராவுக்கு பிரச்சினையே இல்ல. இன்னொரு வேடிக்கை, 2022ல ஐபோன் 14 வந்தப்போ அமெரிக்காவுல ரோலர் கோஸ்டர் ஆட்டத்த கார் ஆக்ஸிடன்ட்னு நெனச்சு பாக்கெட்ல இருந்த போனு தானாவே அவசர போலீஸுக்கு கால் பண்ணிடுச்சு!

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்களுக்கு, இப்போ காலேஜ் பசங்க பழைய சின்ன டிஜிட்டல் கேமரா மேல பைத்தியமா இருக்காங்க, அதனால விலை ஏறிக் கெடக்கு. வாங்கறதுக்கு முன்னாடி கார்டு என்னன்னு பாருங்க. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி சிலதுல எக்ஸ்டி கார்டு, பழைய சோனில மெமரி ஸ்டிக், இது இப்போ சுலபமா கெடைக்காது. எஸ்டி கார்டு போடறதாவே இருந்தாலும் 2006க்கு முந்தினதுல பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேல ஏத்துக்காது. ஜூம முழுசா நீட்டி மடக்கி பத்து தடவ பாருங்க, சத்தம் கரகரன்னு வந்தா வேண்டாம்.

என்னோட கணிப்பு கேட்டா, தண்ணி பார்க்குக்கு போறவங்க டிஜி, கோஸ்டர் நெறைய இருக்கற எடத்துக்கு பகல்ல போறவங்க நீள ஜூம் வெச்ச சாதா கேமரா, ராத்திரி ஊர்வலம்தான் முக்கியம்னா ஒரு இஞ்ச் சென்சார். மூணும் ஒண்ணுலயே அடங்கற கேமரா பாக்கெட் சைஸ்ல கெடையாது, இருக்குன்னு விக்கறவன நம்பாதீங்க.

அடுத்த தடவ லிஸ்ட் போடறப்போ தயவுசெஞ்சு சென்சார் சைஸ், ஆப்டிகல் ஜூம் (லென்ஸ் நகர்ந்து பண்ற நெஜ ஜூம்) எத்தன மில்லிமீட்டர், தண்ணி எவ்வளவு ஆழம் தாங்கும், ஒரு சார்ஜுக்கு எத்தன படம்னு நாலு கட்டம் சேருங்க (டிஜி 7க்கு சுமார் 330, பவர் பேங்க்லயே சார்ஜ் ஏறும்). விமானத்துல போறவங்களுக்கு எக்ஸ்ட்ரா லித்தியம் பேட்டரிய செக் இன் பெட்டியில போடக்கூடாது, கைப்பையிலதான் எடுத்துட்டுப் போகணும்னும் ஒரு வரி போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்,
கோயம்புத்தூர்.