முறிவு நெரிவு பரியாரிமாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்து முறிவு நெரிவு வைத்தியர்களுக்கு வணக்கம்.

சின்ன வயதில் மதிலால் விழுந்து முறிந்த என் கையைப் பத்துப் போட்டுக் கட்டி நேராக்கியவர் உங்களில் ஒருவர்தான். அதனால் இதைக் குறையாக எடுக்காதீர்கள். சரி, கொஞ்சம் குறையும் இருக்கிறது.

அம்மாவுக்கு நாரி நோ தொடங்கியபோதும் முதலில் பரியாரியாரிடம்தான் போனோம். நாலு மாதம் எண்ணெய் பூசி உருவினார். நோ இரவில் கூடியதே தவிரக் குறையவில்லை. பின்னேரங்களில் காய்ச்சல் காய்ந்தது. சட்டை தோளில் நிற்காத அளவுக்கு அம்மா மெலிந்தார். ஒருநாள் குசினியில் அகப்பை கீழே விழுந்தது. அம்மா குனியவில்லை. முதுகை வளைக்காமல், ஒரு கையை முழங்காலில் ஊன்றி, அப்படியே குந்தி எடுத்தார். முள்ளந்தண்டில் கசம், அதாவது காசநோய், வந்தவர்கள் இப்படி எடுப்பதுண்டு என்று டொக்டர் பிறகு சொன்னார். இருமல் துளியும் இல்லை. கசம் என்று யார் நினைத்தது?

எலும்பிலும் மூட்டிலும் வரும் கசத்தில் பாதியளவு முள்ளந்தண்டில்தான் வருகிறது. கிருமி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இரத்தத்தோடு போய் எலும்பில் தங்கி, மெல்ல மெல்ல அரிக்கும். தொடக்கத்தில் எக்ஸ்றேயில்கூடத் தெரியாமல் போகலாம். அம்மாவுக்கு ஸ்கான் எடுத்து, ஊசியால் சீழை எடுத்துச் சோதித்த பிறகுதான் பிடிபட்டது. அதற்குள் கால் விறைக்கத் தொடங்கிவிட்டது. அரித்துப்போன எலும்பில் கைவைத்து உருவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மருந்து இருக்கிறது, அரசாங்கத்தில் இலவசம். முதல் 2 மாதம் நாலு வகை, பிறகு குறைப்பார்கள். ஆளைப் பொறுத்து 6 முதல் 12 மாதம், அம்மாவுக்கு 12. முதல் கிழமையே சிறுநீர் செம்மஞ்சளாகப் போக, இரத்தமாக்கும் என்று பயந்து குளிசையை நிறுத்தப் பார்த்தார். அது ரிஃபாம்பிசின் என்ற கச மருந்தின் நிறம். இடையில் நிறுத்தினால்தான் ஆபத்து. பெரும்பாலானவர்களுக்குச் சத்திரசிகிச்சையே வேண்டிவராது. ஆனால் சரிந்த எலும்பை மருந்து நிமிர்த்தாது; அரித்த மூட்டு பழையபடி மடங்காது. அம்மா இப்போது நல்லூருக்கு நடந்தே போகிறார், முதுகில் ஒரு சின்னக் கூனோடு.

கேட்பது இவ்வளவுதான். மூன்று கிழமைக்கு மேல் நாரி நோ, இரவில் கூடுகிறது, காய்ச்சல், மெலிவு என்று யாரும் வந்தால் உருவாமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வீட்டில் முன்பு யாருக்கும் கசம் இருந்ததா என்றும் கேளுங்கள். சனம் தானாகச் சொல்லாது, கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்ற பயம். நீங்கள் ‘போ’ என்றால் போவார்கள். அம்மா இப்பவும் முழங்காலுக்கு உங்கள் நோவெண்ணெயைத்தான் கேட்கிறார்.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு மகள்