மாடி வீட்டுக்கு ஆள் வந்தாச்சா?

பாயான் லெப்பாஸ், பினாங்கு, மலேசியா

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

நான் நலம். அப்பாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஐந்து வாரம் அலைந்து ஒருவழியாக எனக்கு அறை கிடைத்துவிட்டது. இங்கே வாடகை விளம்பரத்திலேயே ‘சீனர்களுக்கு மட்டும்’ என்று போடுகிறார்கள், ஒளிவுமறைவே இல்லை. ஓர் அம்மா போனில் நன்றாகத்தான் பேசினார். என் பெயரைச் சொன்னதும், “ஆள் வந்துவிட்டார்கள்” என்று வைத்துவிட்டார். இன்னொருவர், கறி சமைப்பாயா, குடிப்பாயா, ஆம்பளைகள் வந்து போவார்களா என்று ஒரே மூச்சில் கேட்டார். என்னையா! இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றுகிறவளை!

கூட இருப்பவள் இங்கேயே பிறந்த தமிழ்ப்பெண். அவள் பாட்டன் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். மூன்று தலைமுறை ஆகியும் அறை தேடினால் அவளுக்கும் இதே பதில்தான். போன வாரம் ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் காட்டினாள். இந்திய முஸ்லிம்கள் கட்டியது, இருநூறு வருடப் பழமை. ‘கெலிங்’ என்றால் இந்தியர், கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்கிறார்கள். ‘கப்பித்தான்’ என்றால் தலைவர், அதனால் பள்ளிவாசலின் பெயரில் ‘கெலிங்’ மரியாதை. அதையே தெருவில் நம்மைப் பார்த்துச் சொன்னால் வசவு. 2017இல் ஒரு பெருநாள் விளம்பரத்தில் பெண்ணின் முகத்தில் கருப்பு பூசி அவலட்சணமாகக் காட்டினார்களாம், எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். சிவப்பழகு க்ரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த நாம் இதில் பெரிதாக என்ன சொல்வது? அவளுக்கோ நம் ஊர்மேல் ஒரு குறை: “தமிழ்நாட்டுக்கு வந்தா எல்லாரும் ‘கபாலி’ ஊரான்னு கேக்குறாங்க.”

நேற்று டிவியில் ஒரு பழைய காமெடி. சேலை கட்டிய ஆணைக் கண்டு ஒருவன் அலறி ஓடுகிறான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு நம் மாடி வீட்டைக் கேட்டு வந்த திருநங்கை ஞாபகம். ஆஸ்பத்திரியில் வேலை என்றாரே, அவர்தான். 2008லேயே அவர்களுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. அப்பாவோ, “ஆள் வந்துட்டாங்கம்மா” என்றார். வந்தவர் கேட்டைத் தாண்டுமுன் நீ அந்த காமெடி மாதிரி ஒரு வசனத்தைச் சொன்னாய். முதலில் சிரித்தது நான். அப்புறம் நான்கு மாதம் வீடு பூட்டியே கிடந்தது.

டு லெட் பலகை மறுபடி தொங்குவதாக அம்மா சொன்னாள். அவர் நம்பர் அப்பாவின் சிவப்பு டைரியில் இருக்கும், எடுத்து அனுப்பு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை பணம் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா