மிக்ஸர் வேலியில் முதுகைச் சாய்த்து நில்

அன்பு மகனுக்கு,

ஸ்டேடியத்தில் நடக்கிற ராக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், தரையில் நின்று பார்க்கிற டிக்கெட் என்று சொன்னாய். நல்லது. கதவு திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே போய் வரிசையில் நின்று, முன்தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கப்போகிறேன் என்றும் சொன்னாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். அம்மா பயந்து எழுதுகிறாள் என்று நினைக்காதே. பாட்டுக் கேட்க அந்த இடம் சரியில்லை, அவ்வளவுதான்.

மேடையின் இரண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி வளைந்து தொங்கும் ஸ்பீக்கர் வரிசையைப் படங்களில் பார்த்திருப்பாய். பெரிய ஸ்டேடியத்தில் ஒரு பக்கத்துக்கு 15, 20 பெட்டிகள்கூட இருக்கும். மேலே இருக்கும் பெட்டிகள் தூரத்துக் காலரியைப் பார்த்திருக்கும், கீழே வர வர வளைந்து கிட்டத்துத் தரையைப் பார்க்கும். அப்படி வளைத்தும் கடைசிப் பெட்டியின் ஒலி முதல் சில வரிசைகளின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். அந்த இடைவெளியை நிரப்ப மேடை விளிம்பில் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை அடுக்குவார்கள். முன்கம்பியைப் பிடித்து நிற்பவனுக்குப் பாடகரின் குரல் பெரும்பாலும் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களான சப்வூஃபர்களோ மேடைக்கும் தடுப்புக்கும் நடுவே, தரையிலேயே, அவன் நெஞ்சுக்கு நேராக இருக்கும். டிரம்ஸும், மேடையில் கிடார் ஆம்ப் (கிடாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) இருந்தால் அதுவும், ஸ்பீக்கரைச் சுற்றி வராமல் நேரடியாகவே அவனை அடிக்கும். வயிறு அதிரும்; வரி புரியாது. பாடகரின் வியர்வையைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போ. பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் வேறு இடம் சொல்கிறேன்.

தரையின் நடுவில், மேடையிலிருந்து சுமார் 30 முதல் 50 மீட்டருக்குள், வேலி கட்டிய ஒரு கூடாரம் இருக்கும். எல்லா ஒலிகளையும் கலந்து சமன்செய்யும் மிக்ஸர் மேஜை அதற்குள்தான். குரல் எவ்வளவு, கிடார் எவ்வளவு, எந்தத் தனி வாசிப்பை எந்த நொடியில் தூக்குவது என்பதையெல்லாம் சவுண்ட் எஞ்சினியர் அங்கே தன் காதில் விழுவதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். மற்ற இடங்களுக்கு ஒலி சரியாகப் போகிறதா என்று அளந்து சரிசெய்ய வேறு ஆட்கள் இருந்தாலும், பாட்டின் சமநிலை அமைவது அந்தக் கூடாரத்தில். ஆகவே அந்த வேலியின் முன்பக்கத்தில், அதன் ஒரு மூலைக்கு அருகில், முதுகைச் சாய்த்து நில். அவர் கேட்பதையே கிட்டத்தட்ட நீயும் கேட்பாய். பின்னாலிருந்து யாரும் தள்ள முடியாது. மூலை எதற்கென்றால், நெருக்கம் கூடினால் பக்கவாட்டில் நழுவிப் பின்னால் போய்விடலாம். வேலியின் பின்பக்கம் வேண்டாம். கூடாரமே மேடையை மறைக்கும்.

அங்கே போனதும் ஒன்றைச் சோதித்துப் பார். இடது சப்வூஃபரும் வலது சப்வூஃபரும் ஒரே தாழ்ந்த ஒலியை எழுப்பும்போது, மேடையின் சரிநடுக்கோட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து கூடிவிடும். அங்கே பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வீங்கிக் கிடக்கும். நடுவிலிருந்து விலகினால் ஒன்று முந்தி, ஒன்று பிந்தி வரும். அந்த வித்தியாசம் அரை அலைநீளம் ஆகும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர், அதில் பாதி 3 மீட்டருக்கும் குறைவு. அதனால்தான் சில மீட்டர் நகர்ந்தாலே பேஸ் கிடார் காணாமல் போனது போலவும் திரும்பி வந்தது போலவும் இருக்கும். இப்போது பலரும் சப்வூஃபர்களை மேடை முழுக்க வரிசையாகப் பரப்பி இந்தக் குறையைப் பெருமளவு குறைத்துவிடுகிறார்கள். இருந்தாலும் முதல் பாட்டிலேயே இரண்டு மூன்று மீட்டர் இப்படி அப்படி நகர்ந்து, காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் குரலும் தனித்தனியாகத் தெரிகிற இடத்தைப் பிடி.

அந்த இடத்துக்கு ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. கண்ணிலிருந்து உச்சந்தலை சுமார் 10 சென்டிமீட்டர். உன் உயரமே உள்ள ஒருவர் அரை மீட்டர் முன்னால் நின்றால் போதும், 40 மீட்டர் தள்ளியிருக்கும் மேடையில் உன் கண்மட்டத்துக்கு மேலே 8 மீட்டர் வரை அவர் தலை மறைத்துவிடும். மேடை இரண்டு மீட்டர் உயரம், அதன்மேல் ஆள் என்று கூட்டினாலும் 4 மீட்டர்தான். இரண்டு தலைகளுக்கு நடுவே பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும், மற்றதற்குத் திரை இருக்கிறது. பார்ப்பதுதான் முக்கியம் என்றால் தரை டிக்கெட்டைவிடப் பக்கவாட்டுக் காலரியின் முதல் அடுக்கு நல்லது. அடுத்த முறைக்கு நினைவில் வை. மேல்கூரைக்கு அடியில் கடைசி வரிசைகள் மட்டும் வேண்டாம். ஒலி கூரையிலும் பின்சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து சொற்களைக் கலக்கிவிடும்.

தூரம் கூடினால் இன்னொரு வேடிக்கை. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 120 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு மேடை ஒலி மூன்றில் ஒரு நொடிக்கும் சற்றுக் கூடத் தாமதம். அதனால் தரையின் பின்பகுதியில் கோபுரம் நட்டு, அதில் கூடுதல் ஸ்பீக்கர் தொங்கவிட்டு, மேடையிலிருந்து ஒலி வந்து சேரும் நேரத்துக்குப் பொருந்துமாறு அந்தக் கோபுரத்தின் ஒலியை வேண்டுமென்றே பிந்த விடுவார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். திரையில் குச்சி டிரம்மில் பட்ட பிறகு சத்தம் வருகிறதே என்று யாராவது குறை சொன்னால் அது பழுதல்ல, தூரம். கைதட்டலும் அப்படித்தான்: முன்னால் தாளத்தோடு தட்டுவார்கள், பின்காலரியின் தட்டல் பிந்தி வந்து தாளத்தைக் குலைக்கும்.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் இசைக்குழு 55,000 பேருக்கு மேல் திரண்ட கூட்டத்துக்கு வாசித்தபோது இந்த ஏற்பாடுகளில் எதுவுமே இல்லை. 100 வாட் கிடார் ஆம்ப்களும், விளையாட்டு அறிவிப்புக்கு வைத்திருந்த ஸ்பீக்கர்களும்தான். கூச்சலில் வாசித்தவர்களுக்கே தங்கள் வாசிப்பு சரியாகக் கேட்கவில்லை. நீ நிற்கப்போகும் வேலியும் கோபுரமும் அதற்குப் பிந்தைய பல ஆண்டு உழைப்பு.

இப்போது காது. இதில் பேரம் கிடையாது. 85 டெசிபலில் ஒரு நாளில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, இப்படியே போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் கச்சேரி அரங்குகளுக்குச் சொன்ன உச்ச அளவும் 15 நிமிடச் சராசரி 100 டெசிபல்தான். ராக் கச்சேரி அந்த அளவை எளிதாகத் தொடும், ஓடுவதோ இரண்டு மணி நேரம். கணக்கு நீயே போட்டுக்கொள்.

இசைக்கென்று செய்த, வடிகட்டி வைத்த இயர்பிளக் (காதடைப்பு) வாங்கு. அது எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும். மஞ்சள் நுரைப்பஞ்சு உயர்ந்த ஒலியை அதிகம் தின்னும், அதனால் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல மந்தமாக இருக்கும். ஆனாலும் வெறுங்காதைவிட ஆயிரம் மடங்கு மேல். நுரை என்றால் விரலில் உருட்டி மெல்லிய திரியாக்கு. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழு. அப்போதுதான் காதுக்குழாய் நேராகும். உள்ளே விட்டு 30 நொடி விரலால் பிடித்துக்கொள். அடைப்பு போட்ட காதை உள்ளங்கையால் மூடித் திற. மூடும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் அடைப்பு சரியாக உட்காரவில்லை என்று பொருள், எடுத்து மறுபடியும் போடு. பலர் செய்யும் தவறு, முதல் பாட்டு தொடங்கிய பிறகு இருட்டில் தேடுவது. முக்கியக் குழுவுக்கு முன்னால் வாசிக்கிற முதல் குழு ஏறும் முன்பே போட்டுவிடு. பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கழற்றாதே; கழற்றிய 10 நிமிடம் நிறையக் கெடுத்துவிடும்.

அடுத்தது கூட்டம். ஒரு சதுர மீட்டரில் 4 பேர் வரை ஆளுக்கு ஆள் சற்று இடம் இருக்கும், நினைத்த பக்கம் நகரலாம். 6, 7 பேர் என்று ஆனால் அது மனிதர்கள் நிற்கும் இடமாக இல்லாமல் தண்ணீராக மாறிவிடும். ஓரிடத்தில் தள்ளினால் அலை போய் வேறிடத்தில் அடிக்கும். நெருக்கடியில் சாகிறவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சடைத்துப் போகிறார்கள். 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ இசைக்குழுவின் கச்சேரிக்கு வெளியே 11 பேர் இறந்தார்கள். இருக்கை எண் இல்லாத டிக்கெட், திறந்ததோ சில கதவுகள். உள்ளேயிருந்து இசை கேட்டதும் கச்சேரி தொடங்கிவிட்டது என்று பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். முன்னால் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசைவிழாவில், பேர்ல் ஜாம் குழு வாசித்த மேடைக்கு முன்னால் நெரிசலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். முன்கம்பி வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம்: கூட்டம் அழுத்தினால் அங்கே முன்னால் இரும்பு, பின்னால் ஆயிரம் பேர்.

அளந்து பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில் பிறர் உடல் அழுத்தினால் விலகத் தொடங்கு. கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் ஏற்கெனவே தாமதம். அந்த நேரத்தில் எதிர்த்துத் தள்ளாதே, பலம் வீணாகும். குத்துச்சண்டைக்காரர் போல இரண்டு முழங்கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து, மூச்சுக்கு இடம் பிடி. அலை வரும்போது அதோடு போ; அது தணியும் சில நொடிகளில் மூலைவிட்டமாக ஓரத்தை நோக்கி இரண்டடி வை. மறுபடி அலை, மறுபடி இரண்டடி. கீழே விழுந்த செல்போனுக்காகக் குனியாதே. பக்கத்தில் யாராவது விழுந்தால் சுற்றியுள்ளவர்களோடு சேர்ந்து உடனே தூக்கு. ஆடிக் குதிக்கிற கூட்டத்தில்கூட இதுதான் முதல் விதி. நீயே விழுந்து எழ முடியாவிட்டால் பக்கவாட்டில் சுருண்டு தலையைக் கைகளால் மூடு. மல்லாந்து படுக்காதே.

மற்றவை சில்லறை. டிக்கெட்டின் கியூஆர் குறியீடு சில செயலிகளில் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. பல்லாயிரம் போன்கள் ஒரே நேரத்தில் இணையத்தைத் தேடும்போது வாசலில் ஒன்றும் திறக்காது, ஆகவே முந்தைய நாளே டிக்கெட்டைப் போனுக்குள் இறக்கி வை. பை அளவுக்கு விதி இருக்கும். முதுகுப்பையோடு போய் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் எப்போதும் உண்டு. தண்ணீரை அங்கே போன பிறகு மடமடவென்று குடிப்பதைவிட மத்தியானத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. நீண்ட நேரம் நிற்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டாதே. இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். கழிவறைக்குப் போவதை முதல் குழு வாசிக்கும் நடுவில் வைத்துக்கொள். இரண்டு குழுக்களுக்கும் இடையே மேடை மாற்றும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். முதல் குழுவின் ஒலி சுமாராக இருந்தால் மனம் தளராதே, அவர்களுக்குச் சத்தமும் விளக்கும் பெரும்பாலும் குறைத்தே கொடுப்பார்கள்.

இடி கேட்டால் அறிவிப்புக்குக் காத்திராமல் காலரிக்கு அடியிலுள்ள நடைபாதைக்குப் போ. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத் திரும்பு.

நண்பர்களோடு பிரிந்தால் சந்திக்க ஓர் இடம் பேசிக்கொள்ளுங்கள், போன் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே. "வாசலில்" என்று சொல்லாதே, வாசல் பல. எழுத்தும் எண்ணும் போட்ட ஒரு தூணைச் சொல். கூட்டம் கலையும்போது அவசரமில்லை என்றால் 20, 30 நிமிடம் ஓரத்தில் உட்கார்ந்திரு. கடைசி ரயில் என்றால் மட்டும் இறுதிப் பாட்டைத் தியாகம் செய்.

இரவில் காதில் லேசான ரீங்காரம் இருந்தால் மறுநாள் அமைதியில் இரு, ஹெட்போன் வேண்டாம். இரண்டு நாளாகியும் நிற்காவிட்டால் காது மருத்துவரைப் பார். ஒரு காது திடீரென்று அடைத்தது போலக் கேளாமல் போனால் அன்றே போ. அதற்கான சிகிச்சை நாள் தள்ளத் தள்ளப் பலனிழக்கும்.

அன்புடன்,
அம்மா

பி.கு. மூடிய ஷூ போடு, நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டு. இயர்பிளக் இரண்டு ஜோடி எடுத்துக்கொள். ஒன்று தொலையும், தொலையாவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடு.