பிள்ளை பெற்றவளின் பத்தியச் சோறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் தாய்ப்பாலின் பெருமை நிறையவே பேசப்படுகிறது. பாலூட்டுகிற பெண்ணுக்கு அவள் வீட்டில் என்ன பரிமாறுகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

நம் ஊர்ப் பிரசவப் பத்தியத்தை நான் முற்றாகப் பழிக்க மாட்டேன். பால்சுறாப் புட்டும், முருங்கைக்கீரையும், நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களியும் பிள்ளை பெற்ற உடம்புக்கு ஏற்றவையே. பூண்டு பால் சுரக்க வைக்கிறதா என்பது வேறு பேச்சு. குழந்தை அடிக்கடி நன்றாகச் சப்பிக் குடித்தாலே பால் ஊறும். ஆனால் பழம் தின்றால் பிள்ளைக்குச் சளி, பருப்பு வாயு, கீரை மாந்தம், தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு சரியும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, மூன்று வேளையும் குழைந்த சோறும் மிளகு ரசமுமே கொடுக்கும் வீடுகள் இன்றும் உள்ளன.

பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகவும், மொத்தம் 1,200 மில்லிகிராம் கால்சியமும் தேவை என்கிறது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அவள் உண்ணாத கால்சியத்தை உடல் அவள் எலும்பிலிருந்து எடுத்துப் பாலில் சேர்க்கும் என்பதால், பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்துத் தாயும் நலம் என்று முடிவு கட்டிவிட முடியாது. பி வகை வைட்டமின்களில் பலவோ, தாய்க்குக் குறைந்தால் பாலிலும் குறைந்துவிடும். தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி, பிரசவத்துக்குப் பின் பல உணவுகளை விலக்கும் வழக்கமுள்ள லாவோஸிலும் காஷ்மீரிலும், தயமின் என்னும் பி1 குறைந்த தாய்ப்பாலைக் குடித்த கைக்குழந்தைகள் பெரிபெரி நோயால் உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனைக்கு வந்ததையும், அந்த வைட்டமினை ஊசியில் செலுத்தியதும் விரைவில் தேறியதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் புழுங்கலரிசியில் அந்தச் சத்து ஓரளவு தங்குகிறது. நன்கு தீட்டிய பச்சரிசியில் சொற்பமே.

அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கிறது. பிரசவத்துக்குப் பின் 180 நாள்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. ஆனால் சத்துமாவு மூத்த பிள்ளைக்குப் போவதையும், மாத்திரை பாலுக்கு ஆகாது என்று பரணில் கிடப்பதையும் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அடுப்படியில் முடிவெடுப்பவர் மாமியாரோ பெற்ற தாயோ. செவிலியர்களாகிய நாங்கள் அறிவுரை சொல்வதோ, கேட்டுச் சாப்பிடும் நிலையில் கூட இல்லாத இளம்பெண்ணிடம்.

ஆகவே, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், சமைக்கப்போகும் பெரியவரையும் கணவரையும் செவிலியர் உட்கார வைத்து, பருப்பு, கீரை, முட்டை, தயிர், வாழைப்பழம், தாகத்துக்குத் தண்ணீர் என்று பெயர் சொல்லி, இவற்றை விலக்கத் தேவையில்லை என விளக்குவதைப் பொது சுகாதாரத் துறை கட்டாய நடைமுறையாக்க வேண்டும். தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியிலும் இதை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.