தங்க நிறத்தில் இருந்தால் லட்சம் வெள்ளியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. முதுகில் குழந்தையைச் சுமக்கும் பெண்ணின் படம் போட்ட அமெரிக்க ஒரு டாலர் காசு கையில் இருந்தால் லட்சாதிபதி ஆகிவிடலாமாம். இதை நம்பி தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள்கூட இரவுச் சந்தையில் ஒரு காசுக்கு நூறு வெள்ளி (ரிங்கிட்), இருநூறு வெள்ளி கொடுக்கிறார்கள். நீண்ட காலமாகக் காசு சேர்ப்பவன் நான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் சக்காஜவியா. காசு 2000-இல் வந்தது. பிலடெல்பியா நாணயச்சாலை மட்டுமே அந்த ஒரே வருடத்தில் 76 கோடிக்கு மேல் அடித்துத் தள்ளியது. தங்கம் துளியும் கிடையாது, உள்ளே செம்பு, மேலே மாங்கனீசு கலந்த பித்தளை, கை படப் படக் கறுத்துப்போகும். சாதாரணமாகப் புழங்கிய காசுக்கு ஒரு டாலர்தான் விலை. அதையும் இங்கே பெரும்பாலான பணமாற்றுக் கடைகளில் வாங்க மாட்டார்கள்.

சரி, வீடியோ முழுப் பொய்யா என்றால் அதுவும் இல்லை, சிக்கலே அங்கேதான். அதே 2000-இல் அமெரிக்காவில் சீரியோஸ் காலை உணவுப் பெட்டிகளுக்குள் இந்தக் காசில் சுமார் 5,500 மட்டும் போட்டு விற்றார்கள். அப்படி வந்த சில காசுகளில் பின்பக்கக் கழுகின் வால் இறகைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுத்தண்டும் அதன் இரு பக்கமும் சாய்ந்து போகும் மெல்லிய கோடுகளும் தனித்தனியாகத் தெரியும். மற்ற கோடிக்கணக்கான காசுகளில் அந்த நுணுக்கம் இருக்காது. 2005-இல்தான் சேகரிப்பாளர்கள் இதைக் கவனித்தார்கள், அதற்கப்புறம் அவை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின. ஆக விலை அந்த இறகுக்கு, பெண்ணின் முகத்துக்கோ நிறத்துக்கோ இல்லை.

பிழையாக அடிபட்ட காசு என்றாலே பணம் கொட்டும் என்றும் நினைக்காதீர்கள். 2007-இல் ஜார்ஜ் வாஷிங்டன் டாலர் வந்தபோது வருடமும் வாசகமும் காசின் விளிம்பில்தான் இருந்தன. அதற்குத் தனி எந்திரம், நிறைய காசுகள் அதில் போகாமலே வெளியே வந்துவிட்டன. மொட்டை விளிம்புக் காசு முதலில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றது, ஆயிரம் ஆயிரமாகக் கிடைக்கத் தொடங்கியதும் சரிந்து சில பத்து டாலரில் நின்றது. விளிம்பு எழுத்து தலைகீழாக இருக்கிறது என்று சொல்லி விற்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள், அந்த எந்திரத்தில் காசு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழும், அது பிழையே இல்லை.

அப்புறம் காசின் நிலை. 1971 முதல் 1978 வரை வந்த, முன்னாள் அமெரிக்க அதிபர் ஐசனோவர் படம் போட்ட டாலர் பெரியது, கனமானது, மூட்டையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நாணயச்சாலையிலேயே வடுப்பட்டுவிடும், அதனால்தான் வடுவே இல்லாத ஒன்று வந்தால் நல்ல விலை போகிறது. நம் வீடுகளிலோ காசு கிடைத்ததும் குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்க்கிறோம். அப்படித் தேய்த்த ஐசனோவர் ஒன்றைப் பார்த்தேன், தூரத்தில் பளபளப்பு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். எந்தச் சேகரிப்பாளரும் அதை நல்ல விலைக்கு எடுக்க மாட்டார். தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

நம் மலேசியாவின் ஒரு வெள்ளி (ரிங்கிட்) காசு, கிரிஸ் கத்தி போட்டதே, அதையும் இப்படித்தான் விற்கிறார்கள். 7-12-2005 முதல் அது செல்லாது, வங்கியில் கொடுத்து மாற்ற முடியாது, சேகரிப்பாளர் தருவதுதான் விலை. இணையத்தில் ஒருவர் பத்தாயிரம் என்று எழுதிப் போட்டால் அது அவருடைய ஆசை, அவ்வளவுதான். உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதைத் தேடிப் பாருங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். "பழைய காசு லட்சத்துக்கு விற்றது" என்ற செய்தியைப் போடும்போது, எந்த அடையாளம் உள்ள காசு, அது எத்தனை இருக்கிறது, எந்த நிலையில் இருந்தது என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள். இங்கே பலர் உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் பணத்தை எடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிக்கும் வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்