'நைஸ்' என்ற சொல்லைப் பற்றி நண்பனுக்கு

சேலம்,
ஞாயிறு மாலை.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து நீ மறுபடியும் செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து நிம்மதியடைந்தேன். இங்கு எல்லாரும் நலம். பேத்தி ஏற்காடு போய்வந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கக் கட்டுரையில் ஏரியும் நைஸ், குளிரும் நைஸ், மிளகாய் பஜ்ஜியும் நைஸ். ஆசிரியை ஆறு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். "அது தப்பான வார்த்தையா தாத்தா?" என்று அவள் கேட்கப்போய், நான் அகராதியைப் பிரித்து உட்கார்ந்துவிட்டேன்.

லத்தீனில் 'நெ' என்பது இன்மை, 'ஸ்கீரே' என்பது அறிதல். இரண்டும் சேர்ந்த 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். அந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து, ஏறத்தாழ 1300-இல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அசடு, மூடன் என்றே பொருள்பட்டது. ஸ்பானிய மொழியில் அதன் உடன்பிறப்பான 'நேசியோ' இன்றும் முட்டாளைத்தான் குறிக்கிறது. 'ஸ்கீரே' என்ற அதே வேரிலிருந்துதான் 'சயின்ஸ்' என்ற சொல்லும் முளைத்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அசட்டிலிருந்து அது ஒழுக்கக்கேட்டுக்கும், கூச்சத்துக்கும், எதிலும் குறை காண்கிற தன்மைக்கும் நகர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் நுட்பம், துல்லியம் என்ற பொருளை அடைந்தது; பதினெட்டாம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்று ஆயிற்று. அந்தப் புதுப்பொருள் எவ்வளவு வேகமாகப் பரவியது என்றால், ஜேன் ஆஸ்டின் மறைந்தபின் 1817 இறுதியில் வெளிவந்த அவருடைய 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில், ஒரு புத்தகத்தை நைஸ் என்று புகழும் பெண்ணிடம் கதாநாயகன், நேர்த்தியானது என்கிறாய்போலும், அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று சொல்லிக் கேலி செய்கிறான். பேத்தியின் ஆசிரியைக்கு இருநூறு ஆண்டு முன்னோடி.

எனக்கு வியப்பளித்தது வேறு. நேற்று அரிசி மாவு அரைக்கப் போனேன். மில்காரர் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "புட்டுக்கா, முறுக்குக்கா? முறுக்குன்னா நைசா விடறேன்" என்றார். விரல்களுக்கிடையே தேய்த்தால் திப்பி தட்டாத அந்த மாவுக்கு அவர் தரும் பொருள், ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் ஏறக்குறைய கைவிட்டு, 'நைஸ் டிஸ்டிங்ஷன்' போன்ற தொடர்களில் மட்டும் மிச்சம் வைத்திருக்கும் நுண்மைக்கு வெகு அருகில் நிற்கிறது. கூட்டத்திலிருந்து நைசாக நழுவுவதும், காரியத்துக்காக ஒருவரை நைஸ் பண்ணுவதும் நாமே அதற்குச் சேர்த்த வழவழப்பு. அவ்விரண்டையும் கல்லூரி விடுதியில் உன்னைவிடத் திறமையாகச் செய்தவர் யாருமில்லை.

உங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மில்லிலும் 'நைஸ்' என்றுதான் சொல்கிறார்களா, பட்டுப்போல என்பதற்கு வேறு சொல் உண்டா? விசாரித்து எழுது.

உன் பழைய அறைத்தோழன்